அறிதலும் புறப்படுதலும்: ஸ்ரீ ரமண மகரிஷிகள் சரிதத்தினின்று ஓர் ஆராய்ச்சி

நன்மை இன்னது, தீமை இன்னது என்று அறியாதவர் உலகில் மிகச் சிலர்; அறிந்தும் அவ்வறிவின் வழி நடவாதவரோ மிகப் பலர். மது குடியைக் கெடுக்கும் என்பதைக் குடிப்பவனைக் காட்டிலும் நன்கு உணர்ந்தவர் யாவர்? கடன் வாங்கிக் கல்யாணம் செய்தல் பின்னர்ப் பெருந்துயர் விளைக்கும் என்பதை, கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் தந்தை அறியாதவர் அல்லர். வரதட்சிணை கொடுத்தலும் வாங்குதலும் குற்றமென்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டுவிட்டது. சங்கக் கூட்டங்களிலும் அதனை ஒழித்தல் வேண்டுமென்று பேசுகின்றோம், கேட்போர் கைதட்டுகின்றனர். கைதட்டிய அன்பர்களே தம் இல்லத்தில் மணம் வருங்கால், சம்பந்திகள் என் சொல்லுவர், ஊரார் என் நினைப்பர் என்று கலங்கிப் பழைய வழியிலேயே செல்லுகின்றனர். இவரை அறிவிலர் என்றும், உறுதியற்றவர் என்றும் இகழ்தல் எளிது. ஆயின் இகழ்ச்சியால் ஒருவரும் திருந்தியதில்லை. அறிந்த ஒன்றைச் செய்யுமாறு மனிதனைத் தூண்டுவது யாது என்று ஆராய்வதே நமக்குப் பயன் தருவதாகும்.

நம் முன்னோர் இதனைப் பலவாறு கண்டிருக்கின்றனர். சித்தார்த்தர் மூப்பையும் பிணியையும் சாக்காட்டையும் கண்டு அரண்மனை துறந்தார் என்பர். பட்டினத்தடிகளைக் காதற்ற ஊசி யொன்று தெருவில் நிறுத்தியது என்பது நாடறிந்த வரலாறு. சமண் சமயத்தில் தலைமை பெற்றிருந்த திருநாவுக்கரசரைச் சூலை நோயும், தமக்கையார் திலகவதியாரும் திருவதிகைக்கு மீட்டுவந்தமையைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றார். இவையெல்லாம் பழங்காலத்துச் செய்திகள். நாளும் நாழிகையும் நமக்குத் தெரியா. எம் ஊராகிய திருவண்ணாமலையிலோ, நாளும் நாழிகையும், கையிலிருந்த அணாக்கணக்கும் கூடத் தெரிந்த வரலாறு ஒன்று உளது. அது ஸ்ரீ ரமண மகரிஷிகள் இவ்வூருக்கு வந்து சேர்ந்த வரலாறு. அவருடைய ஞானத்தை எடுத்துரைக்க யாம் தகுதியுடையேம் அல்லேம். பதினாறு வயதுச் சிறுவர் ஒருவர் வீட்டை விட்டுப் புறப்பட நேர்ந்தது எங்ஙனம் என்னும் ஒன்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றேம்.

பாண்டி நாட்டிலே, அருப்புக்கோட்டைக்கு அணித்தாகிய திருச்சுழியில், 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், திருவாதிரைத் திருநாளின் நள்ளிரவு கடந்த பொழுதில் அவர் பிறந்தார். தந்தையார் சுந்தரமையர், வழக்குகள் நடத்தி நற்பெயர் பெற்றவர். தாயார் அழகம்மையார். பிள்ளைக்கு இட்ட பெயர் வேங்கடராமன். நாகசுவாமி என்னும் தமையனாரும், நாகசுந்தரம் என்னும் தம்பியாரும், அலமேலு என்னும் தங்கையாரும் உடன்பிறந்தோர். 1892-ஆம் ஆண்டில் தந்தையார் காலமாகவே குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் இருவரும் மதுரையிலிருந்த சிறிய தந்தையார் சுப்பையர் இல்லத்தில் வளர்ந்தனர். தாயார் இளைய குழந்தைகளோடு மானாமதுரையில் மற்றொரு சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கினார்.

மதுரையில் வேங்கடராமர் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்க மிஷன் உயர்தரப் பள்ளியிலும் பயின்றார். பாடத்தைக் காட்டிலும் பந்தாட்டத்திலும் மற்போரிலும் நீந்துதலிலும் விருப்பம் மிக்கவர். ஒருமுறை கேட்டதை மறவாத நினைவாற்றல் இருந்தமையால், மிகுதியாக உழையாமலே வகுப்பில் காலம் கழிந்தது. அவருடைய உறக்கம் பெயர்போனது. விழித்திருக்குங்கால் அவரை எதிர்க்க அஞ்சிய பிள்ளைகள், உறங்குங்கால் தூக்கிச் சென்று அடித்துவிட்டுத் திரும்பக் கொணர்ந்து கிடத்துவராம். அவர்க்கு ஒன்றும் தெரியாதாம். பிற்காலத்தில் உலகம் வணங்கப் போகும் ஒருவர் இவர் என்று எண்ணுதற்கு அக்காலத்தில் வெளிப்படையான அடையாளம் ஒன்றும் இல்லை. இதனை நம் பிள்ளைகளை அளவெடுக்கும் பெற்றோரும், வகுப்பில் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் எம்போன்ற ஆசிரியரும் நினைவில் வைத்தல் நலம்.

முதற் காரணம் மிகச் சிறியது. 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உறவினராகிய முதியவர் ஒருவர் மதுரைக்கு வந்தார். எங்கிருந்து வருகின்றீர் என்று வேங்கடராமர் வினவ, அருணாசலத்திலிருந்து வருவதாக அவர் விடையிறுத்தார். அருணாசலம் என்னும் பெயர் அச்சிறுவர்க்குப் புதிதன்று. நினைவு தெரிந்த நாள்முதல் உள்ளத்தில் ஒலித்துக்கொண்டிருந்த பெயரே. ஆயினும் அது மண்ணுலகத்தில் உள்ளதோர் ஊர் என்பதும், அங்கே ஒருவர் சென்று திரும்பலாம் என்பதும் அவர்க்கு அதுவரை தோன்றியதில்லை. வியந்துபோய், அவ்வூர் எங்கே யுள்ளது என்று மீண்டும் கேட்டார். திருவண்ணாமலைதான் அருணாசலம் என்பதும் தெரியாதா என்று முதியவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அப்பாற் சென்றார். அவர் உபதேசம் செய்ய வந்தவர் அல்லர். போய் வந்தவர், போய் வந்ததைச் சொன்னார், அவ்வளவே. ஆயின் அந்நாள்முதல் நெஞ்சில் ஒலித்த பெயருக்கு வழியும் தொலைவும் உண்டாயின. நினைப்பதற்கு மட்டும் உரியதாக இருந்தது, செல்வதற்கும் உரியதாயிற்று.

அதன்பின் சில நாளில், சிறிய தந்தையார் எவரிடமிருந்தோ வாங்கி வைத்திருந்த பெரியபுராணம் கைக்கு அகப்பட்டது. பாடநூலன்றி அவர் விரும்பிப் படித்த முதற் பெருநூல் அது. மன்னரும் வணிகரும் வேடரும் குயவரும் தத்தம் நிலையிலிருந்தே இறைவனை அடைந்தனர் என்னும் செய்தி அவர் உள்ளத்தை உருக்கியது. ஈண்டும் அதே இயல்பைக் காண்க. சிவபத்தி சிறந்தது என்று கூறும் நூல்கள் பல. பெரியபுராணமோ அவ்வழியிற் சென்றோரின் ஊரையும் பேரையும் தொழிலையும் காட்டுகின்றது. எனினும் அவ்வுருக்கமும் நாளடைவில் தணிந்தது. சிறுவர் பந்தாட்டத்திற்கே திரும்பினார். படித்து உருகிய உருக்கம் தானே ஒருவரை எழுப்பி நடத்திவிடாது என்பதற்கு இதுவே சான்று.

1896-ஆம் ஆண்டு ஜூலை நடுவில் அப்பெரு நிகழ்ச்சி நேர்ந்தது. சிறிய தந்தையார் இல்லத்து மேன்மாடத்தில் அவர் தனித்து அமர்ந்திருந்தார். உடம்பில் நோய் இல்லை. திடீரென, இறக்கப் போகின்றோம் என்னும் அச்சம் அவரைப் பற்றியது. ஒருவரையும் கூவி அழைத்தாரில்லை, மருத்துவரை நாடினாரில்லை. சாவு வந்துவிட்டதெனின் சாவதென்பது யாது என்று தாமே ஆராயத் துணிந்தார். கைகால்களை நீட்டிப் பிணம்போல் விறைத்துக் கிடந்து, வாயை மூடி மூச்சை அடக்கி, இவ்வுடம்பு சுடுகாடு சென்று சாம்பலாயினும் அதனோடு தாமும் அழிவரோ என்று உள்நோக்கி உசாவினார். உடம்பு அழியினும் அழியாத பொருளொன்று தாமாக உளது என்னும் தெளிவு அக்கணமே எழுந்தது. சாவச்சம் அன்றே ஒழிந்தது. பின்னர் ஒருநாளும் திரும்பியதில்லை என்று அவர் பிற்காலத்தில் அன்பர்களுக்கு எடுத்துரைத்தார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பலர், இத்தெளிவு பெற்றவுடன் அவர் மலையை நோக்கி ஓடிவந்துவிட்டார் என்பதுபோல் விரைந்து கூறிவிடுகின்றனர். நாட்கணக்கை நோக்குமின். தெளிவு பிறந்தது ஜூலை நடுவில். வீடு துறந்தது ஆகஸ்டு 29-ஆம் நாளில். இடையில் ஏறக்குறைய ஆறு வாரம் உளது. அவ்வாறு வாரமும் அவர் அதே வீட்டில் உண்டு, அதே பள்ளிக்குச் சென்று, அதே புத்தகங்களைச் சுமந்தார். உள்ளே யாவும் மாறிவிட்டன. சண்டைக்காரர் சாதுவானார், உணவில் சுவை பாராதவரானார், மாலைதோறும் மீனாட்சியம்மை திருக்கோயிற் சென்று, அறுபத்துமூவர் திருமுன் நின்று கண்ணீர் வடித்தார். எனினும் வெளியே வாழ்க்கை பழைய தடத்திலேயே உருண்டது. அத்துணைப் பேரனுபவம் எய்தியவர்க்கே ஆறு வாரம் சென்றதாயின், ஒரு சொற்பொழிவு கேட்ட நாம் மறுநாட் காலையே மாறவில்லை என்று நம்மை நாமே வெறுத்துக் கொள்ளுதல் தகுமோ?

ஆகஸ்டு 29-ஆம் நாள் சனிக்கிழமை. பாடம் ஒப்புவிக்கத் தவறியமைக்காக, பெயின் என்பார் இயற்றிய ஆங்கில இலக்கணத்தில் ஒரு பகுதியை மூன்று முறை எழுதிவருமாறு பள்ளியில் தண்டனை விதித்திருந்தனர். பள்ளிப் பிள்ளைகள் இம்பொசிஷன் என்று அஞ்சும் அதுவே. இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாம் முறை எழுதத் தொடங்கியபோது அதன் பொருளின்மை மனத்தில் உறைத்தது. தாளையும் புத்தகத்தையும் ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அருகிருந்து கண்ட தமையனார், இப்படி யிருப்பவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்னும் கருத்துப்பட ஒரு சொற் சுருக்கெனக் கூறினார். வீட்டு வசதியும் பள்ளிப் படிப்பும் வேண்டுவோன் அவற்றிற்குரிய கடமையைச் செய்தல் வேண்டும் என்பது அவர் கருதியது.

அத்தகைய கடுஞ்சொற்கள் அவ்வாறு வாரத்தில் அவர்க்குப் புதியன அல்ல. தமையனாரும் சிறிய தந்தையாரும் அடிக்கடி கடிந்திருக்கின்றனர், அவர் பொருட்படுத்தியதில்லை. அன்று மட்டும் அச்சொல் ஏன் தைத்தது? அது வசையாக இல்லாமல் உண்மையாக இருந்தமையாலே என்க. தமையனார் சொல்வது சரியே. எனக்கு இங்கே என்ன வேலை? என்று அவர் உள்ளம் ஒப்புக்கொண்டது. மாறிவிட்ட உள்ளத்திற்கும் மாறாத வாழ்க்கைக்கும் இடையே ஆறு வாரமாக இருந்த பொருத்தமின்மையை ஒருவர் வாய்திறந்து சொல்லிவிட்டார். தமையனார் நினைத்தது தம்பியைப் புத்தகத்திற்குத் திருப்ப. விளைந்ததோ முற்றும் வேறு. அக்கணமே, போய் வந்தவர் முன்னர்ச் சொல்லியிருந்த ஊர் நினைவில் எழுந்தது. போதற்கு ஓர் இடம் தெரியாதிருந்திருப்பின், அச்சொல் வருத்தமாக மட்டுமே முடிந்திருக்கும். இடம் மட்டும் தெரிந்து அச்சொல் பிறவாதிருந்திருப்பின், இன்னும் பல வாரம் கழிந்திருக்கலாம். இரண்டும் ஒருங்கு கூடின, சிறுவர் எழுந்தார்.

பள்ளியில் மின்சாரம் பற்றிய தனி வகுப்பு ஒன்றிருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டார். கீழே பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துச் சென்று தம் கல்லூரிச் சம்பளத்தையும் கட்டிவிடுமாறு தமையனார் பணித்தார். வழிச்செலவு தானே வந்து சேர்ந்ததுபோலாயிற்று. சிறிய தாயார் உணவிட்டுப் பணமும் கொடுத்தார். பழைய தேசப்படப் புத்தகமொன்றை விரித்துப் பார்த்ததில், திருவண்ணாமலைக்கு அணித்தான புகைவண்டி நிலையம் திண்டிவனம் என்று காணப்பட்டது. 3 ரூபாய் போதும் என்று கணக்கிட்டு, எஞ்சிய 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்தார். தந்தையைத் தேடி அவர் ஆணைப்படி செல்லுவதாகவும், யாரும் வருந்தவோ தேடுதற்குப் பணம் செலவிடவோ வேண்டுவதில்லை என்றும், சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் அதில் எழுதியிருந்தார். கையொப்பம் இடவில்லை. பேருலகையே துறந்து செல்லும் நேரத்திலும், பிறர் பணத்தில் தமக்கு வேண்டிய அளவே எடுத்து, மிச்சத்திற்குக் கணக்குச் சொல்லிவிட்டுச் சென்ற நேர்மையை நம் இளைஞர் உற்று நோக்குக.

நண்பகலில் வரவேண்டிய வண்டி அன்று காலந்தாழ்த்து வந்தமையால் அதனைப் பிடிக்க முடிந்தது. திண்டிவனத்திற்கு டிக்கெட்டு 2 ரூபாய் 13 அணா. எஞ்சியது 3 அணா. உடன் வந்த மௌல்வி ஒருவர், விழுப்புரத்தில் இறங்கினால் திருவண்ணாமலைக்கே வண்டி உண்டு என்று தெரிவித்தார். பழைய படத்தில் அப்புதுப் பாதை இல்லை. ஆகவே புறப்படுங்கால் அவர் அறிந்திருந்த வழியே பிழையான வழி! வழி முழுவதும் தெரிந்த பின்னரே புறப்படுவேன் என்று அவர் காத்திருந்தாரில்லை. பிழையான வழியில் எடுத்து வைத்த முதலடியே சரியான வழி அறிந்தவரிடம் அவரைச் சேர்த்தது.

மறுநாள் விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கினார். பசி மேலிட, உணவு விடுதியொன்றில் நண்பகல்வரை காத்திருந்து உண்டார். பணம் கொடுத்தபோது, அவரிடம் இருப்பதே இரண்டரை அணா என்றறிந்த விடுதிக்காரர் வாங்க மறுத்தார். அக்காசுக்கு மாம்பழப்பட்டுவரை சென்று, அங்கிருந்து பத்து மைல் நடந்து அறையணிநல்லூர்த் திருக்கோயிலை அடைந்தார். முன்னொரு காலத்தில் திருஞானசம்பந்தர் நின்று அண்ணாமலையைத் தொழுத தலம் அது. அங்கே உணவு கிடைக்கவில்லை. கோயில் அடைக்கும் நேரமாதலின் வெளியேற்றப்பட்டார். கீழூர் வீரட்டானத்திலும் முதலில் மறுப்பே. மேளக்காரர் தம் பங்குச் சோற்றைக் கொடுக்கச் செய்தார். நீர் தேடிச் சென்ற இடத்தில் மயங்கி விழ, சோறு சிதறியது. உணர்வு வந்தபின் சிதறிய பருக்கைகளைப் பொறுக்கி உண்டார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பார் இல்லத்தில் உணவு பெற்று, தம் காதிலிருந்த செம்பதித்த கடுக்கனை அவரிடம் அடகாக வைத்து 4 ரூபாய் பெற்றார். மீட்கும்பொருட்டு எழுதிக் கொடுத்த முகவரிச் சீட்டை, மீட்கப் போவதில்லை என்பதனால், சிறிது தொலைவு சென்றதும் கிழித்தெறிந்தார்.

1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாட் காலை வண்டி திருவண்ணாமலையை அடைந்தது. நேரே அருணாசலேசுவரர் திருமுன் சென்று, வந்துவிட்டமையை விண்ணப்பித்துக் கொண்டார். பின்னர் அய்யங்குளத்தை அடைந்து, பாகவதர் மனையார் அன்போடு கட்டிக் கொடுத்த பலகாரப் பொட்டலத்தை நீரில் எறிந்தார். தலைமுடியை மழித்துக் கொண்டார். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கி எஞ்சியதை விடுத்தார். மிச்சமிருந்த 3 ரூபாய்ச் சொச்சத்தையும் எறிந்தார். குலத்தின் அடையாளமாகிய பூணூலையும் களைந்தார். வண்டிச் செலவுக்குப் போதுமான அத்தொகை கையிலிருந்திருப்பின், பசி வந்த ஒரு மாலையில் மதுரை நினைவும் வந்திருக்கக் கூடுமன்றோ? அவர்க்கு வராது எனினும், நம்மவர்க்கு வரும். புதுவழி புகுவோர் பழைய வழிக்குத் திரும்பும் செலவைக் கையில் முடிந்து வைத்திருத்தலாகாது என்பது இதனாற் பெறப்படும். அன்று இம்மலையடி வந்தவர் 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு உடல் நீங்குங்காறும், ஏறத்தாழ 54 ஆண்டு, இவ்வூரை விட்டு அகன்றதேயில்லை. 1907-ஆம் ஆண்டில் காவியகண்ட கணபதி சாஸ்திரியாரே இவரை ரமண மகரிஷி என்று உலகறிய வழங்கச் செய்தார்.

இதுகாறும் படித்த அன்பர்கள் ஒரு தடை நிகழ்த்தலாம். அவர் பிறவி ஞானி. பதினாறு வயதில் துறந்தார். மனைவி மக்களோடு வாழும் எங்கட்கு அவர் எடுத்துக்காட்டாவது எங்ஙனம் என்பதே அது. தக்க தடையே. இல்லறத்தார்க்கு உரிய எடுத்துக்காட்டு அவ்வரலாற்றினுள்ளேயே வேறொருவரிடத்து உளது. அவர் அழகம்மையார்.

அவ்வம்மையார் 1892-இல் கணவரை இழந்தார். நான்காண்டு கழித்து இரண்டாம் மகனையும் இழந்தவர்போலானார். அரும்பெரு மாறுதல் எதுவும் ஒருவர்க்கு மட்டும் நிகழ்வதில்லை. அதன் விலையின் ஒரு பகுதியை உடனிருப்போர் கண்ணீராகக் கொடுக்கின்றனர். இதனை மறைத்துக் கூறும் சரிதம் நிறைவுடையதாகாது. மகன் இருக்குமிடம் 1898-ஆம் ஆண்டிலேதான் தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் விடுமுறையில், அன்று அச்சொல் கூறிய தமையனாரோடு அம்மையார் திருவண்ணாமலை வந்தார். பவழக்குன்றில், சடைபிடித்த தலையும் வளர்ந்த நகமும் உடையவராய், மண்படிந்த மேனியோடிருந்த மகனைக் கண்டார். நாள்தோறும் பலகாரம் செய்துகொண்டு குன்றேறி, திரும்பி வருமாறு அழுது இரந்தார். மகரிஷிகள் அப்போது மௌனத்தில் இருந்தார். கண்டோர் மனமிரங்கி எழுதியேனும் விடை தருமாறு வேண்டவே, அவரவர் வினைக்கு ஈடாக யாவும் நடக்கும், தடுக்க வருந்துதல் பயனில்லை என்னும் கருத்தினை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தாயார் வெறுங்கையோடு திரும்பினார். அழுதும் இரந்தும் பிறரை மாற்ற முயல்வோர் பெறும் பயன் பெரும்பாலும் இதுவே. நாகசுவாமி 1900-ஆம் ஆண்டிலே இறந்தார். துயரத்தின்மேல் துயரம் வந்தது.

மாறுவதற்குரியவர் மகன் அல்லர், தாமே என்பதனை அம்மையார் உணர்ந்தது ஒரு கணத்தில் அன்று. இடையிடையே வந்து கண்டு சென்றார். 1916-ஆம் ஆண்டில், முதுமைக் காலத்தில், மலைமேலே மகனருகில் நிலையாகத் தங்க வந்தார். ஞானம் தேடி வந்தார் என்பதைக் காட்டிலும், பிள்ளைமேல் வைத்த அன்பே அவரை அழைத்து வந்தது என்பதே பொருந்தும். வந்தவர்க்கு எதிர்பார்த்த சலுகை கிட்டவில்லை. பிறரோடு பேசும் மகரிஷிகள் தாயாரோடு பேசாதிருந்துவிடுவார். தாயார் குறைப்பட்டால், தமக்கு எல்லாப் பெண்டிரும் தாயரே என்பார். பெற்ற பிள்ளை என்னும் உரிமை அவ்வாறு மெல்ல மெல்லக் கரைந்தது. ஆசாரம் மிக்க குடியில் வந்த அம்மையார், இன்னார் தொட்டது, இன்னது சமைக்கலாகாது என்னும் பழக்கங்களை மலைக்கும் கொண்டு வந்திருந்தார். மகரிஷிகள் கண்டித்தாரில்லை, எள்ளி நகையாடுவார். வெங்காயமும் முருங்கைக்காயும் வீட்டுக்கதவை அடைத்துவிடும் போலும், எச்சரிக்கை என்று பரிகசிப்பாராம். சிரிப்பிற்கு எதிர்நிற்கும் ஆசாரம் யாது?

நாளடைவில் அம்மையார் அங்குள்ள அன்பர் யாவர்க்கும் சமைத்துப் பரிமாறும் தாயானார். பிச்சையெடுத்துப் பகிர்ந்துண்டிருந்த இடத்தில் அடுப்பு எரியத் தொடங்கியது அவராலே. பின்னர்க் காஷாயமும் உடுத்தினார். இளைய மகன் நாகசுந்தரமும் வந்து துறவு பூண்டு நிரஞ்சனானந்த சுவாமிகள் எனப் பெயர் பெற்றார். 1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள், ஒரு கையைத் தலைமேலும் ஒரு கையை மார்பின்மேலும் வைத்து மகரிஷிகள் அருகிருக்க, அம்மையார் அமைதியெய்தினார். துறவியர்க்குச் செய்வதுபோல் மலையடிவாரத்தில் சமாதி வைக்கப்பெற்றார். அச்சமாதியருகே மகரிஷிகள் இறங்கி வந்து தங்க, அவ்விடமே ரமணாசிரமம் ஆயிற்று. அதன்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்கு 1949-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குடமுழுக்கு நிகழ்ந்தது. மகனைத் திரும்ப அழைக்க வந்தவர் பேராலேயே மகனது ஆசிரமத்தில் கோயில் நிற்கின்றது.

மகனுக்கு ஆறு வாரம். தாய்க்கு இருபதாண்டுக்கு மேல். ஆயினும் இருவரையும் நடத்தியவற்றை ஒப்புநோக்கின், வேற்றுமையினும் ஒற்றுமையே மிகுதி. மகனுக்கு ஊரின் பெயரை உண்மையாக்கியது போய் வந்தவர் ஒருவரின் சொல். தாய்க்குப் புதுவாழ்வை உண்மையாக்கியது அவ்வாழ்வை வாழும் ஒருவரோடு நாள்தோறும் உடனிருத்தல். இருவரையும் மாற்றியது நீண்ட உபதேசம் அன்று. மகனை அசைத்த சொல் ஒரே வாக்கியம். தாயை அசைத்தது பெரும்பாலும் மௌனமும் நகைச்சுவையும். கடிந்த சொற்களும் கண்ணீரும் எத்திசையிலும் பயன்படவில்லை.

இனி நம் நிலைக்கு வருவோம். வரதட்சிணையின்றியும் கடனின்றியும் மணம் நடத்தல் நன்று என்பது நம் இல்லங்களில், அருணாசலம் என்னும் பெயர் அச்சிறுவர் நெஞ்சில் ஒலித்ததுபோல, ஒலித்துக்கொண்டே யிருக்கின்றது. அஃது ஒரு புனிதமான பெயராக மட்டும் இருக்கும்வரை எவரும் புறப்படார். அவ்வூர்க்குப் போய் வந்தோம் என்று சாதாரணமாகச் சொல்லும் உறவினர் ஒருவர் வேண்டும். அத்தகையோர் நம்மிடையே இலர் அல்லர். கோயிலில் தாலி கட்டிச் சுற்றத்தார்க்கு ஒருவேளை உணவிட்டு மணமுடித்த குடும்பங்கள் உள. மகளின் நகைக்கென வைத்த பொருளை அவள் கல்லூரிப் படிப்புக்குச் செலவிட்ட தந்தையர் உளர். குடியை விட்டொழித்தவரும் உளர். இவர்கள் நாணத்தாலோ, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியோ வாய் திறவாதிருக்கின்றனர். இவர்கள் மேடையேற வேண்டுவதில்லை; கட்டுரை எழுத வேண்டுவதில்லை. உறவினர் வீட்டிற்குச் செல்லுங்கால், செலவு இவ்வளவாயிற்று, முதலில் முகம் சுளித்த சம்பந்திகள் பின்னர் இன்னவாறு இணங்கினர், இப்போது பிள்ளைகள் நலமாக இருக்கின்றனர் என்று உள்ளவாறு சொல்லுவாராயின், கேட்கும் தந்தை வீடு திரும்பும் வழியெல்லாம் தம் மகளின் மணத்தைக் கணக்கிட்டுக் கொண்டே செல்லுவார். கேட்டவுடன் அவர் மாறவில்லையே என்று சொன்னவர் சலிக்கவும் வேண்டா. முதியவர் சொல்லிச் சென்றது நவம்பரில். சிறுவர் புறப்பட்டது அடுத்த ஆகஸ்டில்.

இன்றும் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் இம்மலையை 14 கிலோமீட்டர் நடந்து வலம் வருகின்றனர். முழங்கால் நோவுடைய மூதாட்டியரும் நடக்கின்றனர். முன்னே நடப்போர் முதுகு கண்ணுக்குத் தெரிவதாலே பின்னே வருவோர்க்குக் கால் ஓய்வதில்லை. நம் குலத்துள்ளும் முன்னே நடந்தோர் சிலர் உளர். அவர்கள் சற்றே ஒளியில் நடப்பாராக. பின்வருவோர் கண்டு நடப்பர். அருணாசலேசுவரர் திருவருள் அனைவர்க்கும் துணைநிற்க.